அடைத்த பல் ஏன் நிறம் மாறுகிறது?

பேரப்பிள்ளையின் திருமணத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். எல்லோரும் சிரித்தபடி இருக்கிறீர்கள். உங்கள் முன்பல் ஒன்று மட்டும் மற்றப் பற்களோடு சேராமல் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பல் கிளினிக்கில் அடைத்த பல் அது. அடைத்த அன்று எது சொந்தப் பல், எது அடைப்பு என்று உங்களுக்கே தெரியவில்லை. இப்போது சிரிக்கும்போது சேலைத் தலைப்போ துண்டோ தானாக வாய்க்குப் போகிறது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்து, இப்போது ஓய்வில் இருக்கும் மூத்தோருக்காக இந்த விளக்கம் எழுதப்பட்டுள்ளது. அடைப்பின் நிறம் மாறுவது பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமே. சில நேரங்களில் அது ஓர் எச்சரிக்கை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால், தேவையில்லாமல் கவலைப்படவும் வேண்டாம், போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது?

பல் ஒரே நிறப் பொருள் அல்ல. வெளியே எனாமல் என்னும் கடினமான உறை இருக்கிறது. அது முழு வெள்ளை அல்ல. ஒளி ஓரளவு உள்ளே புகுந்து வெளிவரும் தன்மை உடையது. அதற்கு உள்ளே டென்டின் என்னும் மஞ்சள் சாயல் கொண்ட பகுதி இருக்கிறது. நாம் பார்ப்பது இரண்டும் சேர்ந்த நிறம். வயது ஆக ஆக எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் தடிக்கிறது. அதனால் உள்ளிருக்கும் மஞ்சள் கூடுதலாக வெளியே தெரிகிறது. எழுபது வயதில் பல் மஞ்சளாக இருந்தால் நீங்கள் ஒழுங்காகப் பல் துலக்கவில்லை என்று பொருள் அல்ல.

வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரியும், காய்ந்தால் மீண்டும் வெள்ளையாகிவிடும். பல்லும் அப்படித்தான். எச்சிலில் நனைந்திருக்கும்போது ஒளி ஊடுருவும். வாயைத் திறந்தபடி பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் பல் காய்ந்து, உண்மையில் இருப்பதைவிட வெளுத்துத் தெரியும். அதனால்தான் பல் மருத்துவர், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நிறத்தைத் தேர்ந்தெடுப்பார். அவர் கையில் சிறு பல் மாதிரிகள் வரிசையாக உள்ள அட்டை ஒன்று இருக்கும். உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படும் வீட்டா அட்டையில் 16 நிறங்கள் உண்டு. ஏ என்றால் செம்பழுப்பு, பி என்றால் செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எண் கூடக் கூட நிறம் அடர்ந்துபோகும். மூத்தவர்களின் பல்லுக்குப் பெரும்பாலும் அடர்ந்த நிறங்களே பொருந்தும். "டாக்டர், நல்ல வெள்ளையாகப் போடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். கேட்டு வாங்கினால் அந்த ஒரு பல் மட்டும் தூரத்திலிருந்தே தனியாகத் தெரியும்.

பல் நிற அடைப்பு எதனால் ஆனது?

முன்பல்லில் இன்று வைக்கும் பல் நிற அடைப்பு கம்போசிட் எனப்படும். மிக நுண்ணிய கண்ணாடித் துகளும் பிசினும் கலந்த பசை அது. அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பிசினே இன்றைய கம்போசிட்டுக்கு அடிப்படை. அதற்கு முன், 1955-இல், மைக்கல் புவனகோர் என்பவர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பிடித்துக்கொள்ளும் என்று காட்டியிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்துதான், நல்ல பல்லை அதிகம் குடையாமல் அடைக்கும் முறை வந்தது.

பசையைப் பல்லில் வைத்த பிறகு மருத்துவர் நீல ஒளியைக் காட்டுவார். அந்த ஒளிக்கு விழித்துக்கொண்டு பசையை இறுகச் செய்யும் பொருள், கற்பூரத்திலிருந்து பெறப்படும் ஒரு மஞ்சள் பொருள். (வாயில் கற்பூர வாசனை வராது, பயப்பட வேண்டாம்.) ஒளி முழுமையாகப் பட்டால் அந்த மஞ்சள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒளி சரியாக எட்டாத ஆழத்தில் அது தங்கிவிடும். அங்கே பிசினும் அரைகுறையாக இறுகி, பின்னால் எளிதில் சாயம் பிடிக்கும். அதனால் மருத்துவர் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஒளி காட்டுகிறார். வாய் வலித்தால் கையைத் தூக்கிச் சைகை காட்டுங்கள். நிறுத்தி ஓய்வு தருவார். ஒளி காட்டும்போது மட்டும் தலையை அசைக்காதீர்கள்.

பல்லின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஓட்டையாகியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அடைப்பு ஒளியை ஊடுருவ விடுவதால், பின்னால் இருக்கும் வாயின் இருட்டு அதன் வழியே சாம்பல் நிறமாகத் தெரியும். அதற்காகப் பின்பக்கத்தில் ஒளி புகாத அடர்ந்த பசையையும் முன்பக்கத்தில் எனாமல் போன்ற பசையையும் அடுக்கி வைப்பார்கள். அடைத்த நாள் முதலே சாம்பலாகத் தெரியும் அடைப்புக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அது கெட்டுப்போன அடைப்பு அல்ல.

நிறம் மாறுவது எப்படி?

முதல் வகை, மேலே படியும் கறை. தேநீர், கோப்பி ஓ, குழம்பு மஞ்சள், புகையிலை, சில வகை வாய் கொப்பளிப்பு மருந்துகள் எல்லாம் இதற்குக் காரணம். குளோர்ஹெக்சிடின் உள்ள கொப்பளிப்பு மருந்தை நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லும் அடைப்பும் பழுப்பாகும். தேநீரின் சாயம் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் துலக்கினால் போய்விடும். கோப்பியின் சாயமோ பிசினுக்குள்ளும் ஊறிவிடுகிறது. மஞ்சள் அதைவிடப் பிடிவாதமானது. சேலையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் வெளுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாய்க்குள் வெயில் படுவதில்லை.

இந்தக் கறையைப் பல் மருத்துவர் மெருகேற்றி நீக்கிவிடலாம். சில நிமிட வேலை. ஆனால் வீட்டில் அதைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம். கரி, சாம்பல், உப்பு, செங்கல் பொடி ஆகியவற்றால் பல் விளக்கி வளர்ந்தவர்கள் பலர் இருப்பீர்கள். எனாமல் அதை ஓரளவு தாங்கும், பிசின் தாங்காது. மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அடுத்த நாள் குடிக்கும் கோப்பி அந்தக் கீறல்களில் போய் உட்காரும். தேய்க்கத் தேய்க்க வெளுக்கும், பிறகு முன்பைவிட வேகமாகக் கறுக்கும்.

இரண்டாவது வகை, அடைப்பே உள்ளுக்குள் பழுப்பது. மரத்திலிருந்து வடியும் பால் எவ்வளவு வெள்ளை! அதே பால் பட்டையில் ஒட்டுப்பாலாகக் காய்ந்தால் சில நாளில் பழுப்பாகிவிடும். வெளியிலிருந்து யாரும் சாயம் பூசவில்லை; காற்றோடு சேர்ந்து அதுவே மாறுகிறது. இரண்டு பசைகளைக் குழைத்து வைத்த பழைய கால அடைப்புகளில், இறுகச் செய்யச் சேர்த்த பொருள் இதேபோல மெல்ல மாறி, ஆண்டுகள் போகப் போக அடைப்பை மஞ்சளாக்கியது. ஒளியால் இறுகும் இன்றைய வகைகளில் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பிசின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரையும் உறிஞ்சுகிறது. இந்த மாற்றத்தை மெருகேற்றிப் போக்க முடியாது. அடைப்பு உறுதியாக இருந்தால் அப்படியே விடலாம். மனத்தை உறுத்தினால், மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முழு அடைப்பையும் பெயர்த்து எடுத்தால் கொஞ்சம் நல்ல பல்லும் சேர்ந்தே போகும்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. அடைப்பு முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கும் பல்லுக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டதுபோல் பழுப்பு அல்லது கறுப்புக் கோடு தெரிகிறது. அந்த ஓரத்தில் இடைவெளி விழுந்து கறை நுழைந்திருக்கலாம். கறை நுழையும் இடத்தில் கிருமியும் நுழையும். எல்லாக் கோடும் சொத்தை அல்ல, ஆனால் கண்ணாடியில் பார்த்து நீங்களே முடிவு செய்ய முடியாது. அந்த இடத்தில் உணவு சிக்கினாலோ, குளிர்ந்த நீர் பட்டால் கூசினாலோ, நாக்கில் ஓரம் தட்டுப்பட்டாலோ தள்ளிப்போடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

அடைப்பு நன்றாக இருந்து, பல் மட்டும் முழுவதுமாகச் சாம்பலாகி வருவதும் உண்டு. எப்போதோ விழுந்தோ அடிபட்டோ பல்லின் உள்ளிருக்கும் நரம்பு இறந்திருக்கலாம். வலி இல்லாமலே வேரில் சீழ் பிடிக்கும். இதையும் காட்ட வேண்டும்.

வெற்றிலை போடுபவர்களுக்கு

பாக்கில் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்ததும் அது சிவக்கிறது. காசுக்கட்டி அதை இன்னும் கருக்குகிறது. இந்தச் சிவப்பு, அடைப்பிலும் பொய்ப்பல்லிலும் ஈறோரத்திலும் அடுக்கடுக்காகப் படிந்து, நாளாவட்டத்தில் கறுப்பாகிவிடும். பாக்கு கடினமானது, அதை நாள் முழுவதும் மென்றால் பல்லும் தேயும், அடைப்பும் தேயும். தேய்ந்த இடத்தில் கறை மேலும் பிடிக்கும். வெற்றிலை தொடர்ந்து போடும் ஒருவருக்கு எவ்வளவு நல்ல பொருளை வைத்து அடைத்தாலும் அதன் நிறம் நிலைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் பல் மருத்துவர் வெற்றிலை பற்றிக் கேட்பது அடைப்பின் அழகுக்காக அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும். பாக்கு தனியாகவும் அப்படியே. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கான சோதனைகளில் தோட்டப்புறத்து இந்தியர்கள் கூடுதல் ஆபத்துள்ள பிரிவாகக் கவனிக்கப்படுவதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம்.

இங்கேயும் நிறம்தான் பேசுகிறது. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அல்லது பட்டுப்போல் சிவந்த திட்டு. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண். மிளகாய் பட்டாலே எரிச்சல். முன்புபோல் வாயை அகலத் திறக்க முடியாத இறுக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் இவை பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வெற்றிலைச் சாறு படிந்த வாயில் இந்தத் திட்டுகள் மறைந்துவிடும். ஆகவே கிளினிக்கிற்குப் போகும் நாளில் காலையிலிருந்தே வெற்றிலை போடாமல், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போங்கள். சந்தேகமான திட்டு இருந்தால் கிளினிக்கிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்புவார்கள். அனுப்பினாலே புற்றுநோய் என்று பொருள் அல்ல. சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஈறோரத்தில் வைக்கும் சுண்ணாம்பு நிற அடைப்பு

வயதானால் ஈறு இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் உறை கிடையாது, சீக்கிரம் சொத்தையாகும். அந்த இடத்தில் பெரும்பாலும் கிளாஸ் அயனோமர் என்னும் வேறு பொருளை வைப்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் அறிமுகப்படுத்திய பொருள் இது. ஈரமான இடத்திலும் பல்லோடு ஒட்டும், ஃபுளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். ஆனால் ஒளி ஊடுருவும் தன்மை கம்போசிட்டைவிடக் குறைவு. அதனால் பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். "மலிவானதை வைத்துவிட்டார்கள்" என்று எண்ண வேண்டாம். ஈறோரத்தில் அழகைவிடப் பிடிப்பு முக்கியம்.

இந்தப் பொருள் காய்ந்துபோனால் மயிர்க்கோடுகளாக வெடித்து, வெளுத்துக் கறை பிடிக்கும். வைத்தவுடன் மருத்துவர் அதன்மேல் மெழுகு போலவோ வார்னிஷ் போலவோ ஒன்றைத் தடவுவது அதற்காகத்தான், விரலால் துடைக்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இனிப்பு நீர் நோய் உள்ளவர்களுக்கும் வாய் உலர்வது சாதாரணம். அடிக்கடி ஒரு மிடறு வெறும் தண்ணீர் குடிப்பது வாய்க்கும் நல்லது, அடைப்புக்கும் நல்லது.

பழைய வெள்ளி அடைப்பு

கடைவாய்ப் பல்லில் இருக்கும் சாம்பல் நிற அடைப்பு வெள்ளி, வெள்ளீயம், செம்பு, பாதரசம் கலந்த உலோகம். அதைச் சுற்றிய பல் நீலச் சாம்பலாகத் தெரிவது பெரும்பாலும் உலோகத்தின் நிறம் எனாமல் வழியே தெரிவதுதான். பாதரசத்தால் நிலமும் நீரும் மாசுபடுவதைக் குறைக்க 2017-இல் நடப்புக்கு வந்த மினாமாத்தா உடன்பாட்டின்படி உலக நாடுகள் இவ்வகை அடைப்பைக் குறைத்து வருகின்றன. அதற்காக உங்கள் வாயில் முப்பது ஆண்டாக நன்றாக இருக்கும் அடைப்பைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. உடைந்தால் அல்லது ஓரத்தில் சொத்தை வந்தால் மாற்றலாம்.

பொய்ப்பல்

பால் வெட்டியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: 1850-களிலிருந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், பொய்ப்பல்லின் அண்ணமும் ஈறும் ரப்பரால்தான் செய்யப்பட்டன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கல்போல் இறுக்கிய ரப்பர். உறுதியானது, ஆனால் அடர்ந்த செம்பழுப்பு. ஒளி துளியும் புகாது. சிரித்தால் ஈறு மரத்தில் செய்ததுபோல் தெரியும். 1930-களின் இறுதியில் அக்ரிலிக் வந்த பிறகுதான் உண்மையான ஈறு போன்ற இளஞ்சிவப்பும் ஒளி ஊடுருவும் தன்மையும் கிடைத்தன.

அக்ரிலிக்கைக் கொதிநீரில் போட்டால் வளைந்து வெளுத்துவிடும். துணி வெளுக்கும் குளோரின் நீரில் ஊறவைத்தால் இளஞ்சிவப்பு மங்கும், கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். பற்பசைகூட அதைக் கீறும். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு, சாதாரணத் தண்ணீர் போதும். கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவினால், கை நழுவினாலும் உடையாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

அடைத்த அன்றும் அடுத்த நாளும்

கம்போசிட் இறுகுவது கிளினிக்கிலேயே முடிந்துவிடுவதில்லை. ஏறத்தாழ ஒரு நாள் தொடர்கிறது. சாயம் எளிதில் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே முதல் நாள் கோப்பி, மஞ்சள் அதிகமான குழம்பு, வெற்றிலை, கள் ஆகியவற்றைத் தவிருங்கள். மதுவில் உள்ள ஆல்கஹால் பிசினை இளக்கும். வெள்ளைச் சோறு, தயிர், இட்லி, பால் கஞ்சி சாப்பிடலாம். பிறகு வழக்கம்போல் தேநீர் குடிக்கலாம். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் போதும். பால் சேர்த்த தேநீர் கறும் தேநீரைவிடக் குறைவாகவே கறைபடுத்தும். ஆனால் சீனி கலந்த டின் பாலை ஊற்றி நாளுக்கு ஐந்து கிளாஸ் தே தாரிக் குடித்தால், கறைக்கு முன்னால் சொத்தை வந்துவிடும்.

பல்லை வெளுக்கும் மருந்துகள் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், அடைப்பை அல்ல. கடையில் வாங்கித் தடவினால் அடைப்பு முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும்.

கிளினிக்கிற்குப் போகும்போது மைகார்ட், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், பொய்ப்பல் இருந்தால் அதுவும் எடுத்துச் செல்லுங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளையோ பேரனோ கூட வரட்டும். நிறம் பார்க்கும்போது இன்னொரு கண் இருப்பது நல்லது. தோட்டத்துக்கோ மண்டபத்துக்கோ நடமாடும் பல் சிகிச்சைக் குழு வரும்போது, வலி இல்லாவிட்டாலும் போய் வாயைக் காட்டுங்கள். வெற்றிலை போடுவதை மறைக்க வேண்டாம். மருத்துவர் கேட்பது உங்களைக் குறை சொல்ல அல்ல. எந்தக் கன்னத்தில் அடக்கி வைப்பீர்கள் என்று சொன்னால், விளக்கைப் பிடித்து அந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பார்.